மேனியும் மேலங்கியும்
பியற்றிக்ஸ் பொற்றரின் விலங்குச் சித்திரங்கள் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் கதைநூல்களில் இடம்பெறும் சித்திரங்களைப் பற்றி நம்மிடையே விமர்சன நோக்குடன் எழுதப்பட்டவை மிகச் சிலவே. கதையின் மொழிநடை, அதன் கருத்து, அது பிள்ளைகளின் உள்ளத்தில் விளைவிக்கும் பயன் ஆகியன ஓரளவேனும் பேசப்படுகின்றன. சித்திரமோ நூலுக்கு அழகு செய்யும் ஒரு புறப்பொருளாகக் கொள்ளப்பட்டு, 'வர்ணப் படங்களும் உள்ளன' என்ற ஒரு வாக்கியத்துடன் கைவிடப்படுகின்றது. எழுத்தறியாத பிள்ளை முதன்முதலில் வாசிப்பது சித்திரத்தையே என்பதை நினைவிற்கொண்டால் இவ்வலட்சியம் எத்துணைப் பிழையானது என்பது புலப்படும். உலகம் எத்தகையது, அதிலே பிற உயிர்கள் யாவை, அவற்றுக்கும் தனக்கும் உள்ள உறவு யாது என்பன பற்றிய முதற் கருத்துக்களை அப்பிள்ளை தாயின் குரலிலிருந்தும் தாளிலுள்ள வர்ணத்திலிருந்துமே பெறுகின்றது. அவ்வர்ணம் பொய் சொல்லுமாயின் அதனை மறுத்துரைக்கும் ஆற்றல் பிள்ளைக்கு இல்லை.

விலங்குகளை மனிதராக்கிக் காட்டும் நீர்வர்ணச் சித்திர மரபிலே இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புபவை ஆங்கில ஓவியரும் கதாசிரியருமான பியற்றிக்ஸ் பொற்றரின் (1866–1943) சிறு நூல்களாகும். நீலநிற மேலங்கி அணிந்த பீற்றர் என்னும் முயலை அறியாதார் சிலரே. ஆயினும் அம்முயலின் பெரும்புகழே அதனை ஆராய்ந்து நோக்குவதற்குத் தடையாகியுள்ளது. இனிமையானது, கவர்ச்சியானது, பாலர்க்குகந்தது என்னும் அடைமொழிகள் அச்சித்திரங்களின் மீது படிந்துவிட்டன. இவ்வடைமொழிகளை அகற்றிப் பார்க்குமிடத்து வெளிப்படுவது இனிமையன்று. சட்டை போட்ட பின்னரும் முயல் முயலாகவே இருத்தல் வேண்டும் என்ற ஒரு கண்டிப்பே அங்கு காணப்படுகின்றது.

சொல்லிலே விலங்கை மனிதனாக்குதல் எளிது. பஞ்சதந்திரத்திலும் ஈசோப்பின் கதைகளிலும் வரும் நரிக்கு உடல் இல்லை. 'நரி' என்ற பெயரும் அப்பெயரோடு ஒட்டிய தந்திரமும் இருந்தாற் போதும். அது அமைச்சனாகலாம், தூதனாகலாம், நீதி உரைக்கலாம். அது நின்று பேசிற்றா, இருந்து பேசிற்றா என்று எவரும் வினவுவதில்லை. ஓவியனுக்கு இவ்வசதி இல்லை. கரடி தேநீர் அருந்தியது என்று எழுத்தாளன் எழுதிவிட்டுப் போய்விடுவான். அக்கரடி கோப்பையை எவ்வாறு பிடித்தது, அதன் முழங்கால் எத்திசையில் மடங்கிற்று, காது எவ்விடத்தில் தொப்பியைத் துளைத்துக்கொண்டு வந்தது என்பவற்றுக்கெல்லாம் விடை கூறவேண்டியவன் ஓவியன். அவன் விடை கூறும் முறையிலேதான் அவனது நேர்மை தங்கியுள்ளது.

பொற்றருக்கு முந்தியோர் இதற்கு வேறு விடைகளைக் கண்டனர். பிரான்சிய ஓவியரான கிறான்ட்வில் 1842ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய 'விலங்குகளின் அந்தரங்க, பொது வாழ்க்கைக் காட்சிகள்' என்னும் தொகுதியிலே மனித உடல்களின் மீது விலங்குத் தலைகளைப் பொருத்தினார். அங்கு அங்கதம் சிறக்கின்றது. ஆனால் தலையைக் கழற்றிவிட்டால் எஞ்சுபவன் பாரிஸ் நகரத்து மனிதனே. 1865இல் வெளிவந்த 'அற்புத உலகில் அலிஸ்' நூலுக்கு ஜோன் ரெனியல் வரைந்த வெள்ளை முயல், சட்டையும் கைக்கடிகாரத்துக்கு முற்பட்ட பைக் கடிகாரமும் தாங்கி நிற்கின்றது. அது மரச்செதுக்கு அச்சுக்கென வரையப்பட்ட கோட்டோவியம். அதன் கூர்மை அக்கோடுகளிலுள்ளதேயன்றி முயலின் தசையில் உள்ளதன்று. பொற்றர் மதித்துப் போற்றிய முன்னோடி றன்டொல்வ் கோல்டிகொற் ஆவார். சில கோடுகளால் ஒரு விலங்கின் அசைவைக் காட்டும் வித்தையை அவரிடம் அவர் கற்றிருத்தல் கூடும். ஆனால் பொற்றரின் பயிற்சிக்களம் ஓவியக்கூடமாக இருக்கவில்லை, அது வேறோரிடம்.

இலண்டனில் வசதிமிக்க குடும்பமொன்றிலே பிறந்த அவர் பாடசாலைக்கு அனுப்பப்படவில்லை. வீட்டு ஆசிரியைகளே கற்பித்தனர். தந்தையார் சட்டத்தரணி, ஒளிப்படக் கலையில் ஈடுபாடுடையவர், ஓவியர் ஜோன் எவரற் மிலேயின் நண்பர். தனிமை மிகுந்த அவ்வீட்டின் மேல்மாடியிலே பியற்றிக்ஸும் தம்பி பேற்றமும் முயல், சுண்டெலி, முள்ளெலி, வௌவால், பல்லி, தவளை என ஒரு சிறு விலங்குக் காட்சிச்சாலையையே வைத்திருந்தனர். இவ்விடத்து வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் நெகிழ்ந்துபோய் எழுதுவர். அவர்கள் விரைந்து கடந்துபோகும் ஒரு செய்தி நமது நோக்கில் முக்கியமானது. வளர்த்த விலங்கு இறந்தபோது அவ்விருவரும் அழுததோடு நின்றுவிடவில்லை. அதன் உடலை நீரிலிட்டுக் கொதிக்கவைத்துத் தசையை நீக்கி, எலும்புக்கூட்டை ஆராய்ந்து வரைந்தனர். பின்னாளில் நீல மேலங்கிக்குள் புகுந்த முயலுக்கு எலும்புகள் இவ்வாறே கிடைத்தன. பெஞ்சமின் என்னும் முயலின் தலையைப் பல கோணங்களில் அவர் வரைந்து பழகிய தாள்கள் இன்றும் உள்ளன. அவற்றிலே கதையுமில்லை, சட்டையுமில்லை.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டியது அவர் வரைந்த காளான் ஓவியங்களாகும். 1890களில் ஸ்கொத்லாந்திலும் ஏரி மாவட்டத்திலும் தேடிச் சேகரித்த காளான்களை நூற்றுக்கணக்கான நீர்வர்ண ஓவியங்களிலே அவர் பதிவுசெய்தார். நுணுக்குக்காட்டியின் துணையுடன் வித்திகளின் முளைத்தலை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1897 ஏப்ரல் முதலாந் திகதி இலண்டன் லின்னேயன் சங்கத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. பெண்கள் அச்சங்கத்தின் கூட்டங்களுக்குச் செல்ல அக்காலத்தில் இடமில்லாமையால் ஜோர்ஜ் மசீ என்பவர் அதனைச் சமர்ப்பிக்க நேர்ந்தது. கட்டுரை அச்சேறவில்லை. சங்கம் அவரை நடத்திய முறை தவறானது என்று அச்சங்கமே ஏற்றுக்கொண்டது 1997இல், சரியாக ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர். அறிவியல் உலகின் கதவு மூடப்பட்டமையாற்றான் அவர் சிறுவர் நூலுலகிற்கு வந்தார் என்று சிலர் கூறுவர். அவ்வளவு நேர்க்கோடாக வாழ்க்கையை வகுத்துவிட முடியாது. முயற்கதை அதற்கு நான்காண்டுகள் முன்னரே தோன்றிவிட்டது. ஆனால் காளானின் குடையடிச் செதில்களை எண்ணி வரைந்த அதே கண்ணும் அதே தூரிகையுமே முயலின் மயிரையும் வரைந்தன என்பதில் ஐயமில்லை.

1893 செப்டெம்பர் 4ஆந் திகதி, முன்னாள் ஆசிரியையின் மகனாகிய நோயல் மூர் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் நோயுற்றிருந்தபோது, அவனுக்கு எழுத வேறு செய்தியில்லாமையால் நான்கு முயற்குட்டிகளின் கதையைச் சித்திரக் கடிதமாக அவர் எழுதினார். மறுநாள் அவனுடைய தம்பிக்கு எழுதிய கடிதத்திலே தவளையொன்று மீன்பிடிக்கச் சென்ற கதை இடம்பெற்றது. இரண்டும் கறுப்பு மைக் கோட்டோவியங்கள். பதிப்பாளர் பலர் மறுத்தமையால் 1901 டிசெம்பரில் முயற்கதையின் 250 பிரதிகளை அவர் தம் செலவிலேயே அச்சிட்டார். அதிலும் முகப்புச் சித்திரம் மட்டுமே வர்ணத்தில் அமைந்தது. பிரெடெரிக் வோர்ண் நிறுவனத்தார் நூலை ஏற்க முன்வந்தபோது சித்திரங்கள் யாவும் வர்ணத்தில் அமைதல் வேண்டும் என நிபந்தனை விதித்தனர். பொற்றர் முதலில் விரும்பவில்லை. செலவு ஒருபுறமிருக்க, முயலின் கபிலமும் தோட்டத்தின் பச்சையுமன்றி அங்கு வேறு நிறம் எதுவுமில்லையே என்பது அவரது தயக்கம். இத்தயக்கத்தை நான் பெரிதும் மதிக்கின்றேன். வர்ணம் கிடைக்கின்றது என்பதற்காக இல்லாத நிறத்தை உண்டாக்க அவர் மனம் ஒப்பவில்லை. நூல் 1902 ஒக்டோபரில் வெளிவந்தது. முதலில் அச்சிடப்பட்ட 8,000 பிரதிகளும் வெளியாவதற்கு முன்னரே விலைப்பட்டுவிட்டன. மூலச் சித்திரத்தை ஒளிப்படமெடுத்து மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்று மைகளால் அச்சிடும் புதிய முறை அப்போதுதான் பரவலாகிக்கொண்டிருந்தது. மரக்கட்டை செதுக்குவோனின் கை இடையில் வாராமல், ஓவியனின் மெல்லிய பூச்சுக்கள் தாளை வந்தடைய இம்முறை வழிசெய்தது. பத்தாண்டுகள் முன்னர் இந்நூல் வெளிவந்திருப்பின் அது நாமறிந்த நூலாக இருந்திராது.

இனி அந்நூலின் சித்திரங்களைச் சற்று நெருங்கி நோக்குவோம். முதற் சித்திரத்திலே உள்ளவை வெறும் காட்டு முயல்கள். மரவேரின் அடியிலுள்ள வளையைச் சூழ்ந்து அவை இருக்கின்றன. ஒன்றிலும் துணியில்லை. அறிவியல் நூலொன்றிலே அதனைச் சேர்த்தாலும் எவரும் வியவார். அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் அதே குடும்பம் ஆடை அணிந்து எழுந்து நிற்கின்றது. சகோதரிகள் மூவரும் சிவந்த போர்வைகளுடன் தாயை நெருங்கி நிற்க, நீல மேலங்கியணிந்த பீற்றர் மட்டும் புறங்காட்டி விலகி நிற்கின்றான். ஏன் இந்த மாற்றம் என்பதற்கு எவ்விதச் சமாதானமும் கூறப்படவில்லை. 'ஒரு காலத்தில் விலங்குகள் பேசின' என்ற முகவுரையுமில்லை. ஆடையின்றியும் ஆடையுடனும் அவை அவையே என்பதை இரு தாள்களிலே ஓவியர் நிறுவிவிடுகின்றார். முகமே தெரியாத பீற்றரின் முதுகிலிருந்து அவன் கேளாப் பிள்ளை என்பதை நாம் உணர்ந்துகொள்கின்றோம். மேலங்கி குட்டையானது, கீழே காற்சட்டை இல்லை, பின்னங்கால்கள் முயலின் பின்னங்கால்களே.

முகத்தை அவர் கையாளும் முறை தனியே நோக்கத்தக்கது. முயலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. மனிதரைப் போல இரு கண்களாலும் நேரே நோக்கிச் சிரிக்கும் முகம் அதற்கு இல்லை. விற்பனைக்கெனச் சித்திரம் வரைவோர் இதனை இலகுவில் 'திருத்தி' விடுகின்றனர்; கண்களைப் பெரிதாக்கி முன்னே கொணர்ந்து, வாயின் ஓரங்களை மேலே இழுத்துவிட்டால் முயல் குழந்தையாகிவிடும். பொற்றர் இதனைச் செய்ய மறுத்தார். அவருடைய முயல் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நம்மை நோக்குகின்றது. அது சிரிப்பதில்லை. அச்சத்தையும் களிப்பையும் காதின் சாய்விலும் தோளின் ஒடுக்கத்திலும் பாதத்தின் வைப்பிலும் காட்டுகின்றார். திருடிய முள்ளங்கியைத் தின்னும் சித்திரத்திலே, மண்வாரியின் பிடியில் றொபின் பறவையொன்று அமர்ந்திருக்க, பீற்றர் ஒரு காலை மற்றக் காலின் மேல் இட்டுச் சாவதானமாக நிற்கின்றான். களவின் இன்பம் முழுவதும் அக்காலில் இருக்கின்றது.

பின்னர் தோட்டக்காரர் மக்கிறெகர் துரத்துகின்றார். இவ்விடத்திற் கதையின் போக்கும் சித்திரத்தின் நியாயமும் ஒன்றாகின்றன. சப்பாத்துக்கள் இரண்டும் கோவாவுக்கிடையிலும் உருளைக்கிழங்குப் பாத்தியிலும் கழன்றுவிட, பீற்றர் நான்கு கால்களாலும் ஓடத் தொடங்குகின்றான், ஓட்டமும் விரைவுபெறுகின்றது. அவன் தப்பியிருப்பான், மேலங்கியின் பெரிய பித்தளைப் பொத்தான்கள் வலையிற் சிக்காதிருந்தால். மேலங்கியைக் கழற்றி எறிந்த பின்னரே அவன் உயிர் பிழைக்கின்றான். மனிதனாக வேடம்பூண்ட முயலுக்கு அவ்வேடமே பொறியாகின்றது. உடல்தான் அதனைக் காக்கின்றது. இக்கருத்தை ஓவியர் உபதேசமாகக் கூறவில்லை. உடையவிழ்ந்த உடலின் நீட்சியிலும் பின்னங்காலின் உந்தலிலும் அது கிடக்கின்றது. எலும்புக்கூட்டை ஆராயாத கையினால் இத்தாவுதலை வரைந்திருத்தல் இயலாது.

ஆயினும் இதனை ஒரு சூத்திரமாக்கிவிடுதல் தவறு. உடையை இழந்த பின், பூட்டிய கதவோரத்தில் வழிதெரியாது பீற்றர் அழும் சித்திரம் இச்சூத்திரத்தை மீறுகின்றது. அங்கு அவன் முற்றிலும் முயல். துணி ஒரு நூலளவுமில்லை. ஆனாலும் நிமிர்ந்து நின்று, ஒரு பாதத்தை மற்றதன்மேல் வைத்து, முன்னங்காலை வாயருகே கொண்டுசென்று, மனிதக் குழந்தையைப் போல அழுகின்றான். முள்ளங்கி தின்றபோது நின்ற நிலைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைக் கவனித்தல் வேண்டும். அதே கால்வைப்பு; அங்கே திமிர், இங்கே திகில். உடை போனாலும் துயரம் போவதில்லை என்பதை இச்சித்திரம் ஒப்புக்கொள்கின்றது. நூலிலுள்ளவற்றுள் சிறந்தது இதுவே என்பது என் கருத்து. இறுதியில் அம்மேலங்கியும் சப்பாத்துக்களும் குருவிகளை வெருட்டும் வெருளியாகத் தோட்டத்தில் தொங்குகின்றன. உடல் நீங்கிய உடையின் வெறுமையை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய பிறிதொரு சிறுவர் சித்திரத்தை நான் கண்டதில்லை. 1904இல் வந்த தொடர்கதையிலே அதனை மீட்டெடுக்கும்போது மழையில் நனைந்து மேலங்கி சற்றுச் சுருங்கியிருக்கின்றது. துணி துணியாகவே நடந்துகொள்கின்றது!

நீர்வர்ணம் என்னும் ஊடகத்திற்கும் இந்நேர்மைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. எண்ணெய் வர்ணத்திலே பிழையை மறைத்து மேலே பூசலாம். நீர்வர்ணத்திலே முன்னைய பூச்சு பின்னையதனூடாகத் தெரிந்துகொண்டேயிருக்கும். ஒளி தாளிலிருந்து வருவது. ஆகவே வெண்மை பூசப்படுவதன்று, முன்கூட்டியே எண்ணி விட்டுவைக்கப்படுவது. முயலின் மார்பு, வாலின் அடி, கண்ணின் ஒளிப்புள்ளி ஆகியவற்றை எவ்விடத்தில் விடவேண்டும் என்பதைத் தூரிகையை நனைக்குமுன் ஓவியர் அறிந்திருத்தல் வேண்டும். விலங்கின் மயிரை வரைவதற்கு முதலில் நீர்த்த கபிலப் பூச்சொன்றைப் பரப்பி, அது உலர்ந்தபின், ஈரம் குறைந்த நுண்தூரிகையினால் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே சிறு கோடுகளை இழுத்தல் வேண்டும். தோளில் மயிர் ஒரு பக்கமும் விலாவில் வேறொரு பக்கமுமாகப் படியும். திசை தவறினால் தோலுக்குள் உடல் இல்லை என்பது உடனே வெளிப்பட்டுவிடும். பொற்றர் உருவின் எல்லையை மெல்லிய கபிலக் கோட்டால் வரைந்து, அதனுள் வர்ணத்தை அடக்கிப் பூசினார். சித்திரத்தைச் சட்டமிட்டு அடைக்காமல், புல்லும் இலையும் தாளின் வெண்மையிலே மெல்லக் கரைந்துபோக விட்டார். நூல் சிறு கைகளுக்கு ஏற்ற சிறு நூல். ஒரு பக்கத்திற் சில வரிகள், எதிர்ப்பக்கத்திற் சித்திரம். நோக்குமுயரம் தரையோடு தரையாக, முயலின் கண்மட்டத்தில் அமைந்துள்ளது. ஆகவேதான் மக்கிறெகர் நமக்கும் அச்சமூட்டுகின்றார்.

1905இல் வெளிவந்த திருமதி ரிகி-விங்கிளின் கதையில் முள்ளெலி ஒரு சலவைக்காரியாகின்றாள். ஸ்கொத்லாந்தில் பொற்றர் அறிந்திருந்த கிற்றி மக்டொனால்ட் என்னும் முதிய சலவைக்காரியின் சாயல் அவளிடம் உள்ளது. சட்டையும் தொப்பியும் அவளைப் பெரிதும் மறைக்கின்றன; ஆனால் முட்கள் துணியைத் துளைத்து வெளியே நிற்கின்றன. ஓவியர் அவற்றை வழித்துவிடவில்லை. கதையிறுதியிலே தொப்பியும் போர்வையும் சட்டையும் எங்கோ மறைய, கபில நிறச் சிற்றுரு ஒன்று குன்றின்மேல் ஓடுகின்றது. மறுவருடத்து ஜெறெமி பிஷர் என்னும் தவளைக்கு மழையங்கியும் தூண்டிலும் உண்டு. அதனை விழுங்கிய ரவுட் மீன் மழையங்கியின் சுவையை வெறுத்து உமிழ்ந்துவிடுகின்றது. பீற்றரை உடை சிக்கவைத்தது. இங்கே உடை காப்பாற்றுகின்றது. ஒரே கருத்தை நூல்தோறும் திரும்பக் கூறாமை இவ்வாசிரியரின் சிறப்பு. அல்லிக் குளத்தின் நீரை அவர் வரைந்துள்ள முறை தனிக் கட்டுரைக்குரியது. நீரின் மேற்பரப்பும் நீரினடியும் ஒரே பூச்சிலே தெரிகின்றன.

நமது அகத்திணை மரபிலே உள்ளுறை உவமம் என்றொன்றுண்டு. தொல்காப்பியர் வகுத்துக் கூறும் அவ்வுத்தியிலே எருமையோ நாரையோ மந்தியோ தன் இயல்புக்கு மாறாக எதுவும் செய்வதில்லை. புலவன் விலங்கின் செயலைக் கண்டவாறே கூறுவான். மனிதர் பற்றிய செய்தி அதனுள்ளே அடங்கிக் கிடக்கும். பொற்றரிடம் காணப்படுவது உள்ளுறை அன்று. அவருடைய விலங்குகள் பேசுகின்றன, சலவை செய்கின்றன, விருந்தழைக்கின்றன. எனினும் விலங்கை உள்ளவாறு கண்டாலன்றி அதனைக் கொண்டு மனிதரைப் பேசமுடியாது என்ற உணர்வு இரண்டிற்கும் பொதுவானது. நீதிக்கதையின் உடலற்ற நரியிலும் பார்க்க இவ்வுணர்வே பொற்றருக்கு அண்மையில் உள்ளது என நான் கருதுகின்றேன்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதே. இவ்வுலகம் எவருடைய உலகம்? வேலைக்காரர் வைத்திருந்த இலண்டன் வீட்டிலிருந்து, விடுமுறைக்குக் கிராமம் சென்ற ஒரு வர்க்கத்தின் கண்ணுக்குத் தெரிந்த கிராமமன்றோ இது? சலவைக்காரி முள்ளெலியானாள், லூசி மனிதப் பிள்ளையாகவே இருந்தாள். உழைப்போரை அன்பிற்குரிய விலங்குகளாகக் காண்பதிலுள்ள மேட்டிமையை மறைத்துப் பேசுவது விமர்சனமாகாது. ஆனால் அவ்வளவில் தீர்ப்புக் கூறிவிட்டால் 1909ஆம் ஆண்டின் 'ஜிஞ்சரும் பிக்கிள்ஸும்' என்ன செய்வது? பூனையும் நாயும் கூட்டாக நடத்தும் கிராமக் கடை அது. எலிகள் பூனைக்கு அஞ்சுகின்றன. முயல்கள் நாய்க்கு அஞ்சுகின்றன. பொதியைத் தூக்கிக்கொண்டு செல்லும் எலியைக் கண்டால் வாயூறுகிறது என்பதற்காக அவற்றுக்குப் பொருள் கொடுக்கும் பணியை நாயிடம் ஒப்படைக்கின்றது பூனை. எல்லாருக்கும் எல்லையின்றிக் கடன் கொடுத்துக் கடை மூடப்பட, போட்டிக்கடைக்காரி விலையை உயர்த்துகின்றாள். வாங்குவோனும் விற்போனும் ஒருவரை ஒருவர் உண்ணக்கூடியவர்கள் என்ற உண்மையை மேசையின் மீது பகிரங்கமாக வைத்துக்கொண்டு, வணிகத்தை இவ்வளவு அமைதியாகச் சித்திரித்த சிறுவர் நூல் வேறு யாது? தம் வர்க்கத்தின் எல்லையை அவர் கடந்தார் என்று சொல்லவரவில்லை. உடலைப் பற்றிய உண்மையை விடாது பற்றியமையால், அவ்வர்க்கம் காணவிரும்பாத சிலவற்றை அவரது தூரிகை கண்டுவிட்டது. பீற்றரின் தந்தை மக்கிறெகர் வீட்டிலே பணியாரத்துக்குள் வைத்துச் சமைக்கப்பட்டார் என்பதை நூலின் தொடக்கத்திலேயே தாய் முயல் சாதாரணமாகச் சொல்லிவிடுகின்றது. ஜெமைமா வாத்தை நரியிடமிருந்து காக்க வந்த நாய்க்குட்டிகளே அவளுடைய முட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

குறைகளும் பல. மனிதரை வரைவதில் அவர் வலிமையற்றவர்; லூசி துணிப்பொம்மை போலவே இருக்கின்றாள். அவளருகே நிற்கும் முள்ளெலிக்கு உள்ள உயிர்ப்பு அவளுக்கில்லை. சில நூல்களில் விலங்குகளைப் பார்க்கிலும் வீட்டுத் தளபாடங்களே அக்கறையுடன் வரையப்பட்டுள்ளன. 1903ஆம் ஆண்டு முடிவிலேயே பீற்றர் பொம்மைக்கு உரிமம் பதிவுசெய்தவரும் அவரேதான். ஆகவே பிற்காலத்து வணிகப் பெருக்கத்துக்குத் தாம் பொறுப்பில்லை என்று அவர் சார்பில் வாதாட இடமில்லை. கோப்பையிலும் போர்வையிலும் அச்சிடப்பட்ட பீற்றர், சித்திரத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு, நிலமும் அச்சமும் இன்றி நிற்கின்றான்.

1987இல் இங்கிலாந்திலே பெயர்பெற்ற மலிவுப் பதிப்பு நிறுவனமொன்று கதையின் வாசகத்தை எளிமையாக்கி, நீர்வர்ணச் சித்திரங்களை அகற்றி, பஞ்சடைத்த பொம்மைகளின் ஒளிப்படங்களுடன் அதனை வெளியிட்டபோது கடுங்கண்டனம் எழுந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு நவீனமானவை தேவை என்பது அவ்வெளியீட்டுக்குக் கூறப்பட்ட நியாயம். ஒளிப்படம் உண்மையை உள்ளவாறு காட்டுவது, ஓவியம் கற்பனையானது என்ற பொதுநம்பிக்கை இவ்விடத்திற் கவிழ்ந்துவிடுகின்றது. பொம்மைக்கு எலும்பு இல்லை. அது மேலங்கியை இழந்தாலும் ஓடமாட்டாது. துல்லியமான ஒளிப்படம் பொய்யையும், வர்ணத் தீற்றல் மெய்யையும் தாங்கிநின்ற விசித்திரத்தை அங்கு கண்டோம். அதே 1980களில் வோர்ண் நிறுவனத்தார் மூலச் சித்திரங்களை மீண்டும் ஒளிப்படமெடுத்து நூல்களைப் புதிதாக அச்சிட்டமை தற்செயலாக நேர்ந்ததாயினும் நன்றே. நீண்டகாலத் தேய்வினால் மங்கிப்போயிருந்த மென்பூச்சுக்கள் அதனால் மீண்டன. 2018இல் வந்த திரைப்படத்திலே கணினியால் ஆக்கப்பட்ட மயிர் ஒவ்வொன்றும் காற்றில் அசைகின்றது. முயல் நம்மை நோக்கிப் பல்லிளிக்கின்றது. மயிரை எண்ணுவதற்கும் முயலைக் காண்பதற்கும் உள்ள தூரத்தை அளந்தறிய விரும்புவோர்க்கு அப்படம் பயன்படும்.

1913இல் திருமணம் செய்துகொண்ட பின் பொற்றரின் ஓவியப்பணி மெல்லக் குறைந்தது. கண்பார்வை தளர்ந்தது, ஏரி மாவட்டத்திலே பண்ணை நடத்துவதிலும் ஹேட்விக் இனச் செம்மறிகளை வளர்ப்பதிலும் அவரது கவனம் சென்றது. 1918இல் வெளிவந்த நகரத்து எலியின் கதையிலே கோடு தளர்ந்து பூச்சுக்கள் அகன்றிருப்பதைக் காணலாம். அதனையும் விரும்புவோர் உளர். எனக்கு அது களைத்த கையின் வேலையாகவே தோன்றுகின்றது. இறக்கும்போது நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனத்திற்கு விட்டுச்சென்றார். குளோஸ்ரர் தையற்காரனின் கதைக்கு அவர் வரைந்த மூலச் சித்திரங்கள் இலண்டன் ரேற் கலைக்கூடத்தில் இருக்கின்றன. காளான் ஓவியங்களோ ஆம்பிள்சைட் என்னும் சிற்றூரின் ஆமிற் நூதனசாலையில் உள்ளன. அவற்றுட் சில 1967இல் காளான்கள் பற்றிய அறிவியற் கைநூலொன்றில் இடம்பெற்றன. அக்கைநூலின் ஒரு பக்கத்தையும், முள்ளங்கி தின்னும் முயல் உள்ள பக்கத்தையும் அருகருகே விரித்துவைத்து நோக்குபவர், இரண்டிலும் நிழல் விழும் இடத்திலே அதே நீர்த்த கபிலம் அதே அளவில் நின்றுவிடுவதைக் காண்பர்.